படுத்தா நின்னுரும் வலி

சன்னலோரம் நீயே உக்காந்துக்கோம்மா. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான், காத்து மூஞ்சில அடிச்சா கண்ணு எரியும். நீ எங்க, தென்காசிக்கா? நானும் தென்காசிதான். சங்கரங்கோயில்ல பாதிப் பேரு எறங்கிருவாக, அப்புறம் கால நீட்டிக்கிடலாம்.

மக வீட்டுக்குப் போறேன். சுகந்தின்னு பேரு. ஒத்தப் பிள்ள எனக்கு. நமக்குக் கழுகுமலை. அங்கன பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையல் பாக்கேன். வாரம் பூரா அண்டாவோட கெடந்துட்டு, ஞாயித்துக்கெழம ஆனா இந்த பஸ்ஸு. வாரா வாரம் போறேன். போயி என்ன, போயி உக்காந்துட்டு வாரேன். அவ்வளவுதான்.

இல்லல்ல, பிள்ள நல்லா இருக்கா. பேத்தியும் நல்லா இருக்கு, தவழ ஆரம்பிச்சுட்டு. அதுல ஒரு கொறையும் இல்ல. ஒரு ஊசிம்மா. ஒரே ஒரு ஊசி எங்கள ரெண்டாக்கிட்டு. இல்லேன்னா எனக்கு இப்படி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம விருந்தாளி மாதிரி போயிட்டு வரணும்னு தலையெழுத்தா?

நீயும் பிள்ள பெத்தவ மாதிரிதான் தெரியுத. சொல்லுதேன் கேளு. ஞாயம் யாரு பக்கம்னு நீயே சொல்லு.

தலப்பிரசவம் அம்மா வீட்டுலதான பாக்கணும்? அதுதான மொற? எங்க சம்பந்தி இருக்காளே, சங்கரவடிவு, அவ சொல்லுதா, “மதினி, தென்காசியிலயே பாத்துக்கிடுவோம். வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கு, நீங்களும் வந்து கூட இருங்க”ன்னு. எப்படி இருக்கு கதை? எம் பிள்ளைக்குப் பிரசவம், நான் அவ வீட்டுல போயி உக்காந்து அவ போடுத சோத்தத் திங்கணுமாம். நான் கேட்டுட்டேன், “அப்பன் இல்லாத பிள்ளைன்னா பிரசவம் பாக்கக் கூட நாதியில்லன்னு நெனச்சீகளா?”ன்னு. சரி, உங்க இஷ்டம் மதினின்னுட்டா. மாப்ள கோமதிநாயகம் எப்பவுமே பேச மாட்டாரு. செல்போன் கடை வச்சிருக்காரு. நாள் பூரா ஊர்ல உள்ளவன் பேசுததுக்கு ரீசார்ஜ் போட்டு விடுவாரு, தான் வாயத் தொறக்க மாட்டாரு.

அப்படிக் கூட்டிட்டு வந்த பிள்ளைய எப்படிப் பாத்தேன்னு கழுகுமலையில யாரை வேணும்னாலும் கேளு. லீவு போட்டேன். குனிஞ்சு ஒரு துரும்பு எடுக்க விடல.

வலி வந்ததும் கோயில்பட்டிக்குக் கொண்டு போனோம். ஒரு பகலும் ராத்திரியும் வலி. வலிக்கு, நிக்கி, வலிக்கு, நிக்கி. விடிஞ்சதும் டாக்டரம்மா பாத்துட்டு, பிள்ளைக்கு நெஞ்சுத்துடிப்பு கொறையுது, ஆபரேசன்தான்னுட்டாக. நான் என்ன சொல்ல முடியும்? கையெழுத்து மாப்ள போட்டாரு. அவரும் அவுக அம்மாவும் வந்துட்டாக அதுக்குள்ள.

இப்பல்லாம் மொத்தமா மயக்கம் குடுக்க மாட்டாகளாம்ல. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப் போக வச்சுட்டு அறுப்பாகளாம். அதுக்குன்னு ஒரு மயக்க டாக்டர் வந்தாரு. சின்னப் பையன்தான், கண்ணாடி போட்டுக்கிட்டு. பொழுதன்னைக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கிட்டே இருப்பாரு போல. இவளை உக்காத்தி, குனியச் சொல்லியிருக்காக. அவ்வளவு வயித்தையும் வச்சுக்கிட்டு எங்க குனிய? வலி வேற. நெளிஞ்சிருக்கா. ஊசி சரியா எறங்கல. எடுத்துட்டு மறுபடி குத்தியிருக்காரு. அதுவும் எறங்கல. அப்புறம் மூணாவது தடவதான் சரியா விழுந்திருக்கு. சுகந்திதான் சொன்னா பெறவு. “எம்மா, முதுகுல யாரோ கதவத் தட்டுத மாதிரி இருந்துச்சும்மா”ன்னா.

பெண் பிள்ள பிறந்துச்சு. கறுகறுன்னு முடி.

மறுநாள் அந்த மயக்க டாக்டர் வந்து பாத்தாரு. என்னையும் கூப்பிட்டு வச்சுப் பேசினாரு. ஊசி போட்ட எடத்துல சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா உள்ள இருக்க நீரு கொஞ்சம் கசியும், அதனால சிலருக்குத் தலவலி வரும், உக்காந்தா வலிக்கும், படுத்தா நின்னுரும்னாரு. தண்ணி நெறையக் குடுங்க, காபி குடுங்க, படுக்க வைங்கன்னாரு. இன்னும் என்னென்னமோ சொன்னாரு. ஆஸ்பத்திரியில ஆளாளுக்கு நூறு சொல்லுதாகம்மா. தையல்ல தண்ணி படக்கூடாது, குடத்தத் தூக்கக்கூடாது, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, அந்த மாத்திரை பின்னாடி. எல்லாத்தையும் மண்டையில ஏத்திக்கிட முடியுமா?

அவரு சொன்ன மாதிரியே அன்னைக்கே இவளுக்குத் தலவலி வந்துட்டு. நர்சு மாத்திரை குடுத்தா. ரெண்டு மூணு நாள்ல கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு அனுப்பிட்டாக.

வீட்டுக்கு வந்தாதான் ஆரம்பிக்கி. பிள்ளைக்குப் பால் குடுக்க உக்காந்தா, “எம்மா, பின்னந்தலைய யாரோ கீழ இழுக்காகம்மா”ங்கா. படுத்தா சரியாப் போவுதுங்கா. அப்ப படுத்துக்கிட்டே குடுக்கேங்கா. நான் விடுவேனா? படுத்துக்கிட்டுக் குடுத்தா பால் காதுல எறங்கி பிள்ளைக்குச் சீழ் வச்சிரும்லா? செவுத்துல தலகாணி வச்சு, சாச்சு உக்காத்தி, நானே பிடிச்சுக்கிட்டுக் குடுக்க வச்சேன். பக்கத்துல உக்காந்து முதுக நீவி விட்டேன். யாரு செய்வா?

தண்ணி கேப்பா. பச்ச உடம்புக்காரிக்கு எவளாவது செம்பு செம்பாத் தண்ணி குடுப்பாளா? வயிறு தொந்தியா விழுந்துராது? சொட்டு சொட்டா வெந்நி குடுத்தேன். காபியாம் காபி. பால் வத்திப் போகும்னு அதையும் குடுக்கல. பூண்டக் கைநெறைய வதக்கிப் போட்டு கொழம்பு, சுக்கு, மருந்து உருண்டை, எது கொறையா வச்சேன்? டாக்டருக்கு அவரு படிச்சது, நமக்கு நாம பாத்தது.

எனக்கும் இவ பிறந்தாள்லா? மூணாவது நாளு எந்திரிச்சு அடுப்பு மூட்டினேன். அவுக அப்பா லாரியில போயிருந்தாரு, செய்ய யாரு இருக்கா? எனக்குத் தல வலிக்கலையா? வலிச்சிருக்கும். யாரு நின்னு கவனிச்சா?

அவகிட்டயும் அதைத்தான் சொன்னேன். “ஏட்டி, பிள்ள பெத்தா எல்லாருக்கும் வலிக்கும்ட்டி. எந்திரிச்சு நடந்தாத்தான் வலி போவும்”ன்னேன். நடந்தா. செவுத்தப் பிடிச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு நடந்தா. சொன்ன பேச்சக் கேக்குத பிள்ளைம்மா அவ.

அந்த செல்போன வேற வச்சுக்கிட்டுக் கெடப்பா. அதப் பாத்தா தல வலிக்காம என்ன செய்யும்? புடுங்கி பீரோவுல வச்சுட்டேன். சாயங்காலம் மாப்ள எனக்குத்தான் போன் போடுவாரு. வேற ஒண்ணும் கேக்க மாட்டாரு. “அத்த, அவளுக்குத் தலவலி எப்படி இருக்கு?”ம்பாரு. “அதெல்லாம் சரியாயிட்டு மாப்ள, நல்லா இருக்கா, தூங்குதா”ம்பேன். என்ன சொல்லச் சொல்லுத? வலிக்குன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், அடுத்த பஸ்ஸுல அவுக அம்மா வந்து நிப்பா, பாத்தீகளா மதினி, அன்னைக்கே சொன்னேன்லான்னு. பிள்ளைய அள்ளிக்கிட்டுப் போயிருவா.

ஒருநாள் மத்தியானம் சோறு ஊட்டுதேன். சுகந்தி சொல்லுதா, “எம்மா, இப்ப படுத்தாலும் வலிக்கும்மா. நிக்கவே மாட்டேங்கு”ன்னா.

நான் யோசிச்சுப் பாத்தேன். அந்த மயக்க டாக்டர் என்ன சொன்னாரு? ஊசி வலின்னா படுத்தா நின்னுரும்னு சொன்னாருல்ல? இவளுக்குப் படுத்தும் நிக்கல. அப்ப இது ஊசி வலி இல்லைன்னுதான அர்த்தம்? ஊசி வலி போயிட்டு, இது வேற, தூக்கமில்லாத வலி. ராத்திரி பூரா பிள்ள அழுவுது, தூங்குதாளா அவ? எனக்கு மனசுக்கு நிம்மதியாக் கூட இருந்துச்சு. அவகிட்டயும் சொன்னேன். “பயப்படாத, அந்த வலி முடிஞ்சு போச்சு”ன்னு. அவ என்னையே பாத்தா. “அப்படியாம்மா”ன்னா. தைலம் தேச்சு விட்டேன். அன்னைக்கி சாயங்காலம் சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தா. கொழம்புல எண்ணெய் கூடிப் போச்சு போலன்னு நெனச்சேன்.

தொட்டில் போடுத நாள் வந்துச்சு. சம்பந்தி வீட்டுல கார் பிடிச்சு வந்தாக. எங்க தெருக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். ஒத்த ஆளாச் செய்யுதேன், ஒரு சொல்லு வந்துரக் கூடாதுல்லா? நாப்பது பேருக்கு சமையல். சுகந்திக்குத் தலை சீவி, பூ வச்சு, பட்டு கட்டி மணையில உக்காத்தினேன். தல நிக்கல அவளுக்கு. இப்படி ஒரு பக்கமாச் சரியுது. “ஒரு மணி நேரந்தாம்ட்டி, பல்லக் கடிச்சுக்கோ”ன்னேன்.

பேத்திக்கு அமிழ்தினின்னு பேரு. சுகந்தியே தேடி வச்ச பேரு. வயித்துல இருக்கும்போதே, பெண்ணுன்னா இதுதான்னு சொல்லிக்கிட்டே இருப்பா. பிள்ளைய மடியில குடுத்து, காதுல மூணு தடவ பேரு சொல்லுன்னோம். அவ குனிஞ்சு சொல்லுதா, “அமி… அமித்… அமிந்தி…”ன்னு. வரல. மறுபடி சொல்லுதா, வரல. எல்லாரும் சிரிச்சாக. ஒருத்தி, “பெத்தவ வாயிலயே நுழையாத பேரா”ன்னா. சுகந்தியும் சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே பிள்ள அவ கையில இருந்து வழுகுது. இடது கை அப்படியே தொங்கிப் போச்சு. அவளுக்கு அது தெரியவே இல்லம்மா. பிள்ள வழுகுதது தெரியாம சிரிச்சுக்கிட்டு இருக்கா. சங்கரவடிவுதான் பாஞ்சு பிடிச்சா. பிடிச்சுட்டு இவ மூஞ்சிய நிமித்திப் பாத்தா. “மதினி, சுகந்திக்கு வாய் கோணுதே”ன்னா.

“தூக்கமில்ல மதினி, அசதி”ன்னேன்.

மாப்ள வாசப்பக்கம் ஆம்பளைகளோட நின்னவரு உள்ள வந்தாரு. குனிஞ்சாரு, அத்தன பேரு முன்னாடி பொண்டாட்டியத் தூக்கினாரு, போயி கார்ல படுக்க வச்சாரு. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. பந்தியில இல போட்டாச்சு. பாயாசம் ஆறுது. சங்கரவடிவு பிள்ளையோட ஓடிப் போயி ஏறுதா. நானும் செருப்பில்லாம ஓடி ஏறினேன். ஏறலேன்னா விட்டுட்டே போயிருப்பாரு. அது எனக்கு இன்னும் ஆறலம்மா. பெத்தவ நான் நிக்கேன், ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?

நேரா திருநெல்வேலி. பெரிய ஆஸ்பத்திரி. படம் எடுத்தாக. ஒரு வயசான டாக்டர் வெளிய வந்தாரு. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கட்டியிருக்குன்னாரு. முதுகுல அந்த நீரு கசிஞ்சு கசிஞ்சு, மூளை கீழ எறங்கி, சின்ன ரத்த நரம்பு ஒண்ணு பிஞ்சு, கொஞ்சங் கொஞ்சமா ரத்தம் ஊறியிருக்காம். ரொம்ப ரொம்ப அபூர்வமாத்தான் இப்படி வரும்னாரு. பல்லாயிரம் பேர்ல ஒருத்தருக்கு வந்தாலே பெருசாம். எம் பிள்ளைக்கு வந்திருக்கு.

அப்புறம் கேட்டாரு, “தலவலி எப்போருந்து இருக்கு?”ன்னு.

மாப்ள என்னையப் பாத்தாரு. சங்கரவடிவு என்னையப் பாத்தா. “நேத்துலருந்துதான் சார்”னேன். ஏன் அப்படி வந்துச்சுன்னு தெரியலம்மா. பதட்டம். யாருக்கு வந்தாலும் அப்படித்தான் வரும்.

சுகந்தி ஸ்ட்ரெச்சர்ல கண்ண மூடிப் படுத்திருக்கா. பேச்சு மூச்சில்லாமக் கெடக்கான்னுதான் எல்லாரும் நெனச்சோம். அவ கண்ணத் தொறக்காமலே, குழறிக் குழறி, ஒவ்வொரு சொல்லாச் சொல்லுதா. “இல்ல சார். பிள்ள பிறந்த மறுநாள்லருந்து. எங்கம்மாட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.”

அத்தன பேரு முன்னாடி சொல்லிட்டா. எம் பிள்ள. நான் சீவி விட்ட தலைய வச்சுக்கிட்டு.

அந்தத் தலையத்தான் பெறவு சிரச்சுட்டாக. உக்காந்தா தரையத் தொடுத முடிம்மா. ஒரு பையில போட்டு என் கையில குடுத்தாக, பூவும் அதுலயே இருந்துச்சு. மண்டையில ஓட்டை போட்டு ரத்தத்த எடுத்தாக. நான் அங்கன வராண்டாவுலதான் கெடந்தேன். வேண்டாத சாமி இல்ல. சங்கரவடிவு பிள்ளைக்குப் பால் கலக்கி ஊத்திக்கிட்டே, “மதினி, நீங்க ஏதாவது வாயில போடுங்க”ன்னா. திட்டியிருந்தாக் கூட நானும் நாலு பேசியிருப்பேன். அவ திட்டல.

பொழச்சுக்கிட்டா. கண்ணு முழிச்சதும் பிள்ளையக் கேட்டா. பேரச் சொன்னா, அமிழ்தினின்னு, முழுசா. நான் கால்மாட்டுலதான் நின்னேன். என்னையப் பாத்து, “சாப்பிட்டியாம்மா”ன்னா.

அங்கனருந்து தென்காசிக்குப் போயிட்டா. நான் பீரோவுல இருந்து அவ போன எடுத்துட்டு வந்து குடுத்தேன், வாங்கிக்கிட்டா. கழுகுமலைக்கு வான்னு கேட்டேன். “இருக்கட்டும்மா, ஆஸ்பத்திரிக்கு அலையணும், இங்கனருந்து போறது லேசு”ன்னா. பெறவு வேற காரணம் சொன்னா. பெறவு நான் கேக்குததையே விட்டுட்டேன்.

ஊசி போட்டவர மட்டும் நான் சும்மா விடல கேட்டியா. அந்த மயக்க டாக்டரப் பாத்து நாலு வார்த்த கேக்கணும்னு கோயில்பட்டிக்குப் போனேன். அவரு அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தாரு. வழிய மறிச்சுக்கிட்டு, “எம் பிள்ள மண்டைய ஒடச்சிட்டியேய்யா”ன்னு கத்துனேன். கூட்டம் கூடிட்டு. அவரு பைய கீழ வச்சாரு. என்னைய உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாரு.

“மூணு தடவ குத்த வேண்டியதாயிட்டும்மா. அது எனக்கு மனசுல இருந்துக்கிட்டேதான் இருக்கு. அதனாலதான் மறுநாள் வந்து உங்களத் தேடிச் சொன்னேன். படுத்தா நின்னுரும், ஆனா படுத்தும் நிக்கலேன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காமக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேனேம்மா. ரெண்டு தடவ சொன்னேன். ஞாபகம் இல்லையா?”

சொன்னாராம். சொல்லியிருப்பாரு. நான் இல்லேங்கல. அவரு பேசிக்கிட்டு இருக்கும்போதுதான் நர்சு பிள்ளையக் குளிப்பாட்டிக் கொண்டாந்து என் கையில குடுத்தா. மொதல் தடவ. துண்டுக்குள்ள இவ்வளவு போல இருக்கு. கண்ணத் தொறந்து என்னையப் பாக்குது. அந்த நேரத்துல ஒருத்தரு பக்கத்துல நின்னு பேசினா காதுல விழுமா? நீயே சொல்லு. அவருக்குத்தான் தெரிய வேண்டாமா, எப்ப எதச் சொல்லணும்னு?

அவரு கண்ணு கலங்கிட்டு. எனக்கு அதுக்கு மேல கத்தத் தோணல. வந்துட்டேன்.

இந்தா, சங்கரங்கோயில் வந்துட்டு. கால அந்தப் பக்கம் நீட்டிக்கோ. எனக்கு முட்டி வேற.

இப்ப முடி வளந்துட்டு அவளுக்கு, காது வரைக்கும். இடது கையில செம்பப் பிடிச்சா லேசா நடுக்கம் இருக்கு, அதுவும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் போனா வாம்மாம்பா. சோறு போடுவா. பிள்ளைய மடியில குடுப்பா. ஒரு கோவம் கெடையாது, ஒரு சண்ட கெடையாது. சின்னதுல எம்புட்டு சண்ட போடுவா என்கூட! ஒருநாள் கேட்டே கேட்டுட்டேன், “ஏட்டி, எம்மேல கோவமா இருக்கியா?”ன்னு. “இல்லம்மா. அசதியா இருக்கு”ன்னா. அவ்வளவுதான்.

போன வாரம் நடந்தது கேளு. நான் போயி உக்காந்திருக்கேன், பேத்தி மடியில. சுகந்தி துணி மடிச்சுக்கிட்டு இருக்கா. பாதியில நிறுத்திட்டு, நெத்திய இப்படிப் பிடிச்சா. பெத்தவளுக்குத் தெரியாதா? “என்னட்டி, தல வலிக்கா?”ன்னு கேட்டேன்.

“இல்லம்மா, ஒண்ணுமில்ல”ன்னா. மிச்சத் துணியவும் மடிச்சு வச்சா. எந்திரிச்சு அடுப்படிக்குப் போனா. எனக்கு உக்காந்த எடத்துலருந்தே கேக்கு. “அத்த, காலையிலருந்து லேசாத் தல வலிக்கு அத்த”ங்கா.

சங்கரவடிவு அடுப்ப அமத்துத சத்தம் கேட்டுச்சு. கையத் தொடச்சுக்கிட்டே இவளக் கூட்டிட்டு வந்து, என்னையத் தாண்டிக் கூட்டிட்டுப் போயி, உள்ள கட்டில்ல படுக்க வச்சா. “படுத்தா எப்படி இருக்கு? கையத் தூக்கு பாப்போம். பிள்ள பேரச் சொல்லு”ன்னு ஒவ்வொண்ணாக் கேக்கா. இவளும் சின்னப் பிள்ள மாதிரி கையத் தூக்கிக் காட்டுதா. பேரச் சொல்லுதா. மாப்ளைக்குப் போன் பறக்கு. கடையச் சாத்திட்டு வந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாக. நான் பேத்தியோட அங்கனயே உக்காந்திருக்கேன்.

கடைசியில என்ன? ஒண்ணுமே இல்ல. தூக்கமில்லாத தலவலிதான்னு சொல்லி அனுப்பிட்டாரு டாக்டர். என்கிட்டச் சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேன்.

பெத்தவ எதிர்ல உக்காந்திருக்கேன், வாய் விட்டுக் கேக்கேன், என்கிட்ட இல்லேங்கா. அவகிட்டப் போயிச் சொல்லுதா. இதுல நான் என்ன தப்பு செஞ்சேன், நீயே சொல்லு.

நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்குத. இருக்கட்டும், தூக்கம் வந்தா தூங்கு. தென்காசி வந்ததும் எழுப்பி விடுதேன்.

இன்னைக்கும் போயி கேப்பேன். தல வலிக்கா பிள்ளைன்னு. இல்லம்மாம்பா. நானும் சரின்னுட்டு, பேத்தியக் கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு வந்துருவேன்.